அமிலத்துக்குப் பெயர் வைப்பது எப்படி? நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

கீழக்கரை, ஒன்பதாம் வகுப்பு மாணவி: அக்கா, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஹைட்ரோ வருது, நைட்ரிக்கில் வரலை. ரெண்டிலும் ஹைட்ரஜன் இருக்கே?

பதில்: ஹைட்ரஜனை விட்டுவிடு பாப்பா, நீ படிக்கிற எல்லா அமிலத்திலும் அது இருக்கும். மிச்சம் நிற்கிற எதிர் அயனியை, அதாவது எதிர்மின்சுமை உள்ள பகுதியைப் பார். குளோரைடு போல 'ஐடு' என்று முடிந்தால் முன்னால் ஹைட்ரோ, பின்னால் இக். நைட்ரேட்டு போல 'ஏட்டு' என்றால் வெறும் இக். நைட்ரைட்டு போல 'ஐட்டு' என்றால் அஸ், அதாவது நைட்ரஸ் அமிலம். அமிலம் என்றாலே ஆக்சிஜன் இருக்கும் என்று வேதியியல் மேதை லவாய்சியரே நம்பினார், 1810இல் டேவி என்ற விஞ்ஞானி குளோரின் ஒரு தனிமம் என்று சொன்ன பிறகுதான் ஹைட்ரோகுளோரிக்கில் ஆக்சிஜனே இல்லை என்பது தெளிவானது.

பாம்பன், மாணவர்: சல்பைடு, சல்பைட்டு ரெண்டும் காதில் ஒன்றாகவே விழுதுக்கா.

பதில்: தமிழில் படிக்கிற பிள்ளைகள் அதிகம் மார்க் விடுவது இங்கேதான், அதனால் காதை நம்பாமல் வாய்பாட்டை எழுதிப் பார் தம்பி. சல்பைடில் கந்தகம் மட்டும், ஆக்சிஜன் கிடையாது, அமிலம் ஹைட்ரோசல்பியூரிக். சல்பைட்டில் 3 ஆக்சிஜன், சல்பியூரஸ். சல்பேட்டில் 4, சல்பியூரிக். ஆனால் '3 என்றால் அஸ்' என்று மனப்பாடம் செய்துவிடாதே, நைட்ரேட்டிலும் 3தான், அது நைட்ரிக் ஆகிறது. ஒரே குடும்பத்துக்குள் ஆக்சிஜன் கூடவா குறைவா என்பதுதான் கணக்கு. குளோரின் குடும்பத்தில் நாலு பேர் இருக்கிறார்கள்: 1 ஆக்சிஜனுக்கு ஹைப்போகுளோரஸ், 2க்கு குளோரஸ், 3க்கு குளோரிக், 4க்கு பெர்குளோரிக். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுகிறோமே, அது தண்ணீரில் கரைந்ததும் கிருமியைக் கொல்வது முக்கியமாக அந்த முதல் ஆள்தான்.

வாலிநோக்கம், ஒரு தாய்: நாங்க வாருற உப்பிலும் அதே குளோரைடுதான்னு மகன் சொல்றான், அப்படியா மேடம்?

பதில்: சரியாகத்தான் சொல்கிறான் அம்மா. உப்போடு அடர் சல்பியூரிக் அமிலம் சேர்ந்தால் ஒரு வாயு வரும், அதன் பெயர் ஹைட்ரஜன் குளோரைடு. அதைத் தண்ணீரில் கரைத்தால்தான் ஹைட்ரோகுளோரிக் அமிலம். பரீட்சையில் 'வாயு', 'நீர்க்கரைசல்' என்று என்ன போட்டிருக்கிறது என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் செய்து பார்க்க விடாதீர்கள், அந்த வாயு நுரையீரலைப் புண்ணாக்கிவிடும்.

மண்டபம், மாணவர்: பவளப்பாறை கால்சியம் கார்பனேட்டுன்னு படிச்சோம். அந்தக் கார்பனேட்டுக்கான அமிலத்தோட பேர் என்னக்கா?

பதில்: கார்பனேட்டு, 'ஏட்டு', ஆகவே கார்பானிக். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கடல்நீரில் கரையும்போது உண்டாவதும் இதே அமிலம்தான், அது கூடக் கூடப் பவளம் ஓடு கட்டுவது கஷ்டமாகிறது.