மினசோட்டா ஏரிப் பகுதியில் குடும்பத்தோடு காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்ட எங்கே போகலாம்?

இரண்டு நாள் விடுமுறை, பத்து வயதுப் பையன், ஊரிலிருந்து வந்திருக்கும் அறுபதைத் தாண்டிய அப்பா, யாருக்கும் பெரிய பழக்கமில்லை, மரமும் ஏரியுமாக ஒரு பாதை வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொன்னால், முதல் நாள் பால் பனியன் மாநிலப் பாதையில் நிஸ்வா, பீக்வாட் லேக்ஸ் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே ஓட்டுங்கள். இரண்டாம் நாள் இட்டாஸ்கா மாநிலப் பூங்காவுக்குப் போய்விடுங்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏரிக்கரையை ஒட்டியே போய்க்கொண்டிருக்கலாம் என்று நினைத்து வந்தால் ஏமாற்றமாக இருக்கும். மினசோட்டாவில் 10 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகளே 11,842 இருக்கின்றன. பிரெய்னர்டு நகருக்கு வடக்கே மேப்பைத் திறந்தால் நிலத்தைவிட நீலம்தான் அதிகமோ என்று தோன்றும். ஆனால் கரைகளில் பெரும்பாலும் தனியார் கேபின்கள். பாதை ஏரியை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மரங்களுக்குள் நுழைந்துவிடும். ஓட்டும் நேரத்தில் முக்கால்வாசி கண்ணில் படுவது ஆஸ்பெனும் பிர்ச்சும், இடையிடையே பைனும்தான். காட்டுக்காகப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. தண்ணீர்தான் வேண்டும் என்றால் அந்தப் பணத்துக்குப் படகு வாடகைக்கு எடுப்பது மேல்.

பழக்கமில்லாதவர்களுக்கு இந்தப் பாதையைச் சொல்லக் காரணம், இது பழைய ரயில் தடம். பனியுகத்தின் முடிவில் பனிப்பாறைகள் பின்வாங்கியபோது பெரிய பெரிய பனிக்கட்டிகள் மணலிலும் சரளையிலும் புதைந்து கிடந்து, பிறகு மெல்ல உருகின. அவை கிடந்த குழிகள்தான் இங்குள்ள ஏரிகளில் பல. அதனால் நிலமே ஒழுங்கில்லாமல் மேடும் பள்ளமுமாக இருக்கும். 1890-களில் வெட்டிய மரத்தை ஏற்றிச் செல்ல ரயில் பாதை போட்டவர்களுக்கு இது சரிப்படவில்லை. பாரம் ஏற்றிய ரயில் மேடு ஏறாது. எனவே மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தை மண்போட்டு நிரப்பினார்கள். ஓட்டும்போது இது நன்றாகத் தெரியும். கொஞ்ச தூரம் இரண்டு பக்கமும் மண்கரை உயர்ந்து நிற்கும்; அடுத்த நிமிடமே கரைமேல் போய்க்கொண்டிருப்போம், இருபுறமும் கீழே சதுப்பு நிலம். கால் வலிக்கிற ஏற்றம் என்று எதுவும் இருக்காது.

1980-களில் ரயில் நின்றுபோய், பிறகு தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டார்கள். பால் பனியன் என்பவர் கதைகளில் வரும் ராட்சத மரம்வெட்டி. பெமிட்ஜி என்ற ஊரில் 1937-ல் வைத்த அவர் சிலை, கதையில் கூடவே வரும் நீல எருதோடு இன்றும் நிற்கிறது. காட்டை வெட்டி ஏற்றிப்போன ரயிலின் தடத்துக்கு வெட்டியவன் பெயரையே சூட்டிவிட்டு, அதில் நாம் மரம் பார்க்கப் போகிறோம். எனக்கு இது இன்னமும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. இந்தத் தடத்தில் இப்போது பார்ப்பது பெரும்பாலும் அதற்குப் பிறகு முளைத்த காடு.

முழுப் பாதை 110 மைலுக்கு மேல். நமக்கு அதில் ஒரு துண்டு போதும். நிஸ்வாவிலிருந்து பீக்வாட் லேக்ஸுக்குச் சுமார் 6 மைல். இரண்டு முனையிலும் சின்ன ஊர், கழிப்பறை, உட்கார நிழல், குடிக்க ஏதாவது என்று எல்லாம் உண்டு. சில இடங்களில் 371-ஆம் நெடுஞ்சாலையின் இரைச்சல் காதில் விழும், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் குழந்தையோடு போகும்போது ஊர் பக்கத்தில் இருப்பதுதான் நிம்மதி. பீக்வாட் லேக்ஸில் தண்ணீர்த் தொட்டிக்குப் பால் பனியனின் தூண்டில் தக்கை மாதிரி சிவப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்திருப்பார்கள், பையனுக்குப் பிடிக்கும். கோடையில் புதன்கிழமை வாய்த்தால் நிஸ்வாவில் ஆமைப் பந்தயமும் நடக்கும். ஜூன் மாதம் என்றால் நிஜ ஆமைகளையும் பாதையோரத்திலேயே பார்க்கலாம். சதுப்பிலிருந்து ஏறி வந்து, தாரை ஒட்டிய சரளையில் பின்னங்காலால் குழி பறித்து முட்டையிடும். அப்படி ஒன்று தென்பட்டால் சற்று விலகிப் போகச் சொல்லுங்கள்.

படங்களைப் பார்த்துவிட்டு இதே பாதையில் ஹாக்கென்சாக்கிலிருந்து வாக்கர் வரை போகலாமே என்று ஆசை வரும். அங்கே சிப்பவா தேசியக் காட்டுக்குள் பாதை பழைய ரயில் தடத்தை விட்டு விலகி, ஏறி இறங்கி வளைந்து வளைந்து போகும். ரொம்ப அழகான இடம்தான். முதல் நாள் அங்கே போனால் அப்பா இரண்டாம் நாள் அறையைவிட்டு வெளியே வரமாட்டார்.

சமதளம் என்றதும் மேடைபோல வழுவழுப்பாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். அங்கே குளிர்காலத்தில் தரைக்கு அடியில் இருக்கும் ஈரம் உறைந்து தாரைத் தூக்கிவிடும். வசந்தத்தில் அது உருகி இறங்கும்போது பாதைக்குக் குறுக்கே வெடிப்பு விழும், சில இடங்களில் புடைத்தும் நிற்கும். ஆஸ்பென் வேர்களும் தம் பங்குக்குக் கீழிருந்து தள்ளும். மர நிழல் திட்டுத்திட்டாக விழுவதால் பத்தடி தூரத்தில் இருப்பதுகூடக் கண்ணுக்குத் தெரியாது. சக்கரம் தடக்கென்று ஏறிய பிறகுதான் தெரியும். முழங்கையை விறைப்பாக வைக்காமல் கொஞ்சம் மடக்கி, வெடிப்பு வரும் நேரத்தில் சீட்டிலிருந்து லேசாக எழுந்துகொண்டால் இடுப்புக்கு அடி இல்லை. ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு மறுகையால் வீடியோ எடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

அப்பாவிடம் தனியாக ஒன்று சொல்லி வையுங்கள்: அங்கே வலப்பக்கமாகப் போக வேண்டும், முந்துகிறவர் இடப்பக்கமாக வருவார். பின்னாலிருந்து யாராவது ‘ஆன் யுவர் லெஃப்ட்’ என்று குரல் கொடுத்தால், என்ன என்று திரும்பிப் பார்த்து இடது பக்கம் ஒதுங்கிவிடக் கூடாது. அவர் வரப்போவதே அந்தப் பக்கம்தான். அப்படியே நேராகப் போனால் போதும். பாதை சாலையைக் கடக்கும் இடங்களில் நிறுத்தப் பலகை நமக்குத்தான், கார்களுக்கு அல்ல. பையனை அங்கே இறங்கித் தள்ளச் சொல்லுங்கள்.

அப்புறம், பூச்சிகள். பெடல் மிதித்துக்கொண்டிருக்கும் வரை கொசு கிட்ட வராது; நின்றதும் எங்கிருந்தோ வந்துவிடும். ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் மான் ஈ என்று ஒன்று தலையைச் சுற்றிச் சுற்றி வரும், மெதுவாகப் போகிறவரை விடாது. இவை வெறும் தொல்லைதான், பயப்பட வேண்டியது உண்ணிக்கு. லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணியின் இளம்பருவம் கசகசா அளவுதான் இருக்கும், கடித்தாலும் தெரியாது. அது தார்ப்பாதையில் வராது, ஓரத்துப் புல்லில் காத்திருக்கும். அதனால் ஓய்வெடுக்கப் புல்லில் உட்காராமல் பெஞ்சில் உட்காருங்கள். அறைக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்னால், இடுப்பு வார் இருக்கும் இடம், காதுக்குப் பின்னால், தலைமுடி எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் லைம் தொற்ற வாய்ப்பு குறைவு.

இட்டாஸ்காவுக்கு நிஸ்வாவிலிருந்து காரில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். அலைச்சல்தான், ஆனால் நான் விடச் சொல்லமாட்டேன். மிசிசிப்பி ஆறு அங்குள்ள இட்டாஸ்கா ஏரியிலிருந்துதான் புறப்படுகிறது. கற்கள் மேல் கால்வைத்து ஆற்றையே கடந்துவிடலாம். அதைவிட எனக்கு முக்கியம் அங்குள்ள மரங்கள். வெட்டுக்குத் தப்பவேண்டும் என்றே 1891-ல் அமைத்த பூங்கா அது. 1903-ல் பொறுப்பேற்ற மேரி கிப்ஸ் என்ற 24 வயதுப் பெண், மரக் கம்பெனிக்காரர்கள் போட்ட அணையால் ஏரித் தண்ணீர் ஏறிக் கரையை மூழ்கடித்தபோது, நேரே போய் மதகைத் திறக்கச் சொன்னவர். இன்று ஆற்றின் தொடக்கத்தில் உள்ள மையத்துக்கு அவர் பெயர்தான். சைக்கிள் பாதை ஏரியை ஒட்டியும் வயதான சிவப்புப் பைன்களுக்கு நடுவிலும் போகும். முதல் நாள் பார்த்த காட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், அண்ணாந்து பார்த்த உடனே தெரிந்துவிடும். இது ரயில் தடம் அல்ல, சின்னச் சின்ன ஏற்றங்கள் உண்டு, ஆனால் தூரம் சுமார் 6 மைல்தான். வைல்டர்னஸ் டிரைவ் என்ற ஒருவழிச் சாலையையும் சேர்த்து 16 மைல் சுற்றாகப் போகலாம் என்பார்கள். கார்களும் வரும், மேடும் அதிகம். இந்தத் தடவை வேண்டாம்.

இட்டாஸ்கா தூரம் என்று பட்டால் பிரெய்னர்டுக்குப் பக்கத்தில் கயூனா இருக்கிறது. பழைய இரும்புச் சுரங்கக் குழிகளில் தண்ணீர் நிரம்பி ஏரிகளாகிவிட்ட இடம். மலை சைக்கிள்காரர்களுக்குப் பேர்போனது, சாதாரணத் தார்ப்பாதையும் உண்டு. செம்மண் படும், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

செலவு அதிகமில்லை. மினசோட்டாவில் மாநிலச் சைக்கிள் பாதைகளுக்குக் கட்டணம் கிடையாது. பூங்காவுக்குள் காரை எடுத்துப் போக மட்டும் நாள் கட்டணம் உண்டு. அப்பாவுக்குத் தயக்கம் இருந்தால் மோட்டார் உதவியுள்ள சைக்கிள் எடுத்துக்கொடுங்கள், இந்தப் பாதைகளில் அதற்குத் தடையில்லை. கடையிலேயே சீட் உயரத்தைச் சரி செய்துகொள்ளுங்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டிருக்க வேண்டும். முழங்கால் வலிக்கிறது என்று பாதியில் நிற்பவர்கள் பலருக்கும் சீட் தாழ்வாகத்தான் இருக்கும்.

எப்போது போவது என்றால், பள்ளி இடம்கொடுத்தால் செப்டம்பர் பின்பாதி. கொசு குறைந்திருக்கும், மேப்பிள் சிவந்து ஆஸ்பென் மஞ்சளாகும் நேரம். ஆனால் செப்டம்பர் முதல் திங்கட்கிழமை விடுமுறை முடிந்ததும் வாடகைக் கடைகள் சில நேரத்தைக் குறைத்துவிடும், சில மூடியே விடும். முன்கூட்டியே போன் போட்டு, திறந்திருக்கிறார்களா, பையன் உயரத்துக்குச் சைக்கிள் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அறை புக் செய்யுங்கள்.