கேரவனுக்கு நான்கு சக்கர இயக்கம் தேவையா?

கேள்வி: குரோம்பேட்டையில் வசிக்கிறேன், விரைவில் பணி ஓய்வு பெறப் போகிறேன். என்னிடம் 2012-இல் பதிவான டெம்போ டிராவலர் ஒன்று உள்ளது. படுக்கை, சமையல் மேடை, 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைப் பொருத்தி, சொந்த உபயோக கேரவன் என்று ஆர்.சி. புத்தகத்திலும் பதிந்து வைத்திருக்கிறேன். சென்ற மழைக்காலத்தில் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு மண் பாதையில் ஏறும்போது வண்டி நின்றுவிட்டது. இடது பின்சக்கரம் சுற்றிச் சுற்றிப் பள்ளம் பறித்தது. வலது சக்கரம் அசையவே இல்லை. அதற்கு முன்பு ஒரு முறை கோவளத்துக்குத் தெற்கே கடற்கரை மணலில் புதைந்து, டிராக்டர் வைத்து இழுக்க வேண்டியதாயிற்று. அம்பத்தூரில் ஒரு பணிமனையில், பழைய ஜீப்பின் முன் ஆக்சிலையும், எஞ்சின் விசையை முன்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் பொருத்தி ஆறரை லட்சத்தில் ஃபோர் வீல் டிரைவாக மாற்றித் தருவதாகச் சொல்கிறார்கள். ஓய்வுக்குப் பிறகு மனைவியுடன் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கு வரை போக ஆசை. மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. ஆசைக்கு எதிராக இதைச் சொல்லவில்லை. இந்த வண்டியில் நீங்கள் ஸ்பிட்டிக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்று நானும் விரும்புகிறேன். அந்தப் பயணத்துக்கு இந்த மாற்றம் உதவாது, சில இடங்களில் தடையாகவும் நிற்கும் என்பதால்தான் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்திலேயே நோய்க்குறி தெளிவாக இருக்கிறது. இடது சக்கரம் சுற்றியது, வலது அசையவில்லை என்கிறீர்கள். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதற்கு, ஆக்சிலில் இருக்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி இடம் கொடுக்கிறது. தார்ச்சாலையில் நன்மையாக இருக்கும் இந்த ஏற்பாடே, ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பை இழந்தவுடன், சுழற்சி முழுவதையும் அந்தச் சக்கரத்துக்கே விட்டுவிடுகிறது. அன்று உங்கள் வண்டியில் இழுக்கும் சக்கரங்கள் இரண்டு இருந்தும் ஒன்றுகூட வேலை செய்யவில்லை என்பதே உண்மை. முன்னால் இன்னொரு சாதாரண டிஃபரன்ஷியலைச் சேர்த்தால், அதே சூழ்நிலையில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் வீணாகச் சுற்றும் வாய்ப்பு அப்படியே இருக்கும். ஃபோர்ஸ் நிறுவனத்தின் கூர்க்கா வண்டியில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் தனித்தனியாக, இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டும் டிஃபரன்ஷியல் லாக் வைத்திருப்பது இதற்காகத்தான். உங்களுக்குத் தரப்பட்ட ஆறரை லட்சக் கணக்கில் லாக் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

மலை ஏறும்போது வண்டியின் பாரம் பின்பக்கம் சாய்கிறது. கேரவனில் தொட்டியும் பேட்டரியும் பெரும்பாலும் பின்னால் இருப்பதால் பின்சக்கரங்களின் மேல் இன்னும் எடை சேருகிறது. ஆகவே ஏற்றத்தில் பின்சக்கர இயக்கம் அப்படியொன்றும் பலவீனமானதல்ல. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கும், நாற்பதைக் கடந்து வால்பாறைக்கும் ஏறும் நம் அரசுப் பேருந்துகளைப் பின்சக்கரங்கள்தான் தள்ளுகின்றன. கோடையில் மணாலியிலிருந்து குன்சும் கணவாய் வழியாக ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காசாவுக்குப் போகும் இமாச்சல அரசுப் பேருந்துகளுக்கும் அதுவே பொருந்தும். அந்தப் பாதையில் கிராம்பூவுக்கும் பத்தாலுக்கும் இடைப்பட்ட பகுதி கல்லும் நீரோடையுமாகக் கடினமானதுதான்; ஆனால் அங்கே தேவைப்படுவது தரையிலிருந்து போதிய உயரம், நல்ல டயர், பகலிலேயே ஓடைகளைக் கடந்துவிடும் பொறுமை ஆகியவை. சிம்லா, ரெக்காங் பியோ வழியாகப் போனால் உயரமும் படிப்படியாகக் கூடும். உங்கள் இருவர் உடலுக்கும் அது நல்லது.

நான்கு சக்கர இயக்கத்தால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். டிரான்ஸ்ஃபர் கேஸில் உள்ள தாழ்ந்த கியர் வரிசை உண்மையிலேயே அருமையான வசதி. செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கைச் சுடவிடாமல் எஞ்சினின் பிடியிலேயே ஊர்ந்து இறங்கவும், கற்கள் நிறைந்த ஏற்றத்தில் கிளட்சைக் கருக்காமல் மெல்ல ஏறவும் அது உதவும். ஆனால் அந்த நன்மையைப் பெறுவதற்குத் தர வேண்டிய விலை பெரிது. முன் ஆக்சிலின் டிஃபரன்ஷியல் உருண்டை, எஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் சம்ப்பில் இடிக்காமலிருக்க வண்டியை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் ஸ்டியரிங் இணைப்புகளின் கோணம் மாறி, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கும். ஏற்கெனவே கூரை உயர்ந்த கேரவனின் எடைமையம் மேலும் மேலே போவதால் வளைவுகளில் சாய்வு கூடும். முன் ஆக்சிலின் பல்சக்கர விகிதமும் பின் ஆக்சிலின் விகிதமும் இம்மியும் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்று மற்றொன்றை முறுக்கி, எங்கோ ஒரு ஷாஃப்ட்டோ பல்சக்கரமோ உடையும். இவை தவிர, நூறு கிலோவுக்கு மேல் கூடுதல் இரும்பை எப்போதும் சுமந்து திரிய வேண்டும். அதற்கான டீசலையும் நீங்கள்தான் போட வேண்டும்.

தொழிற்சாலைகளே இதை எவ்வளவு பெரிய வேலையாகக் கருதின என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1980-களில் ஃபோக்ஸ்வேகன் தன் வேனுக்கு சிங்க்ரோ என்ற நான்கு சக்கர இயக்க வடிவத்தைக் கொண்டுவர, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் இருந்த ஸ்டெயர் டைம்லர் பூக் நிறுவனத்தின் உதவியை நாடியது. அந்த வேனில் டீசல், பெட்ரோல் தொட்டியையே முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றினார்கள், ஸ்டெப்னியின் இடத்தையும் மாற்றினார்கள். பழைய ஜீப்பின் ஆக்சிலை அளவெடுத்து வெல்டிங் செய்வதற்கும் அதற்கும் உள்ள தூரத்தை நினைத்துப் பாருங்கள். புதுப்பேட்டையில் தேடினால் உதிரிபாகம் கிடைக்கும், சென்னையில் இருக்கும் வரை கவலையில்லை. காசாவில் நின்றுவிட்ட வண்டியின் அடியில் படுத்துப் பார்க்கும் மெக்கானிக்குக்கு, எந்தப் பாகம் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று யார் சொல்வார்கள்? டிராவலரை டிராவலராகவே வைத்திருந்தால், அதன் பாகங்கள் நாடு முழுவதும் கிடைக்கும். என் கணக்கில் இதுவே எல்லாவற்றையும்விடக் கனமான காரணம்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்.சி. விவரங்களுக்கும் முரண்பாடு ஏற்படும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே விளக்கித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வகுத்திருக்கிறது. உங்கள் பதிவின் 15 ஆண்டுகள் 2027-இல் முடிகின்றன, புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டும்போது முன்னால் புதிதாகத் தொங்கும் ஆக்சிலை மறைக்க முடியாது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இதையே காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கலாம்.

பணத்தை வேறு விதமாகச் செலவிடுங்கள். முதலில், தண்ணீர், கேஸ், துணிமணி என்று பயணத்துக்குரிய எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, செங்குன்றம் பக்கம் ஓர் எடைமேடையில் வண்டியை நிறுத்தி, முன், பின் ஆக்சில்களைத் தனித்தனியாக எடை போடுங்கள். நிரம்பிய உங்கள் தொட்டியின் நீர் மட்டுமே 200 கிலோ. பாதி நிரப்பினால் போதும் என்று அப்போது தெரிந்துவிடும். அடுத்து, உங்கள் சக்கர அளவுக்கும் சுமைக்கும் பொருந்தும், ஆழமான பட்டன் உள்ள டயர்களைப் போடுங்கள். மணலிலும் சேற்றிலும் இறங்கும் முன், சாலைக்குரிய காற்றில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால் டயர் அகலமாகப் படிந்து மிதக்கும். அந்நிலையில் மெதுவாக மட்டுமே ஓட்ட வேண்டும், தார்ச்சாலை ஏறியவுடன் 12 வோல்ட் கம்ப்ரஸரால் மீண்டும் நிரப்ப வேண்டும். சக்கரத்தின் அடியில் செருகும் பிளாஸ்டிக் பலகைகள் இரண்டு, ஒரு மண்வெட்டி, சேஸிஸில் போல்ட் போட்டு இறுக்கிய கொக்கி ஆகியவை இருந்தால், டிராக்டருக்குக் காத்திருக்கும் தேவை வெகுவாகக் குறையும். கைபிரேக் பின்சக்கரங்களைப் பிடிக்கும் வண்டி என்றால், ஒரு சக்கரம் வெறுமனே சுற்றும்போது கைபிரேக்கைச் சிறிதளவு இழுத்துப் பிடியுங்கள். மறு சக்கரத்துக்கும் விசை போகும். உங்கள் பின் ஆக்சிலுக்குப் பொருந்தும் டிஃபரன்ஷியல் லாக் கிடைக்குமானால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்ட பிறகு, அதைப் பற்றி யோசிக்கலாம்.

கோவளம் மணலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நம் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. மணலுக்கடியில் இருக்கும் முட்டைகள் வண்டி ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியாது. எந்த டயர் போட்டாலும், எத்தனை சக்கரம் இழுத்தாலும், தயவுசெய்து கடற்கரையில் வண்டியை இறக்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் எட்ட முடியாத இடங்கள் இருக்கும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு உள்ளூர் ஜீப்களில்தான் போகிறார்கள். கேரவனைக் கீழே நிறுத்திவிட்டு நீங்களும் அப்படி ஏறலாம்; அந்தப் பாதையின் ஒவ்வொரு கல்லையும் அறிந்த ஓட்டுநரோடு போவதில் குறைவொன்றும் இல்லை. ஆண்டில் பல மாதங்கள் சேற்றுப் பாதையிலேயே வாழப் போகிறீர்கள் என்றால் மட்டும், இந்த வண்டியை விற்று, தொழிற்சாலையிலேயே நான்கு சக்கர இயக்கத்தோடு வந்த ஒன்றை வாங்குங்கள். அதுவரை அம்பத்தூர் பணிமனைக்கு முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம்.