ஒன்பது மணிவரை தூங்கிய மனைவி

கேள்வி: டல்லாஸில் வேலை பார்க்கிறேன். மனைவியும் ஐ.டி.தான். திருமணமாகி எட்டு வருடம். அப்பா போனபிறகு அம்மா எங்களோடுதான் இருக்கிறார். அவருக்குச் சர்க்கரை, காலை ஏழு மணிக்குள் சாப்பிட வேண்டும். டிசம்பரில் அம்மாவைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் மெக்ஸிகோவில் மசுன்தே என்கிற சின்னக் கடற்கரை ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்தோம். வலை ஊஞ்சல், சூடான சாப்பாடு, கடலுக்குள் ஓடும் ஆமைக்குஞ்சுகள். மனைவி ஒன்பது மணிவரை தூங்கினாள், வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு சண்டைகூட இல்லை. வீடு திரும்பிய மறுநாளே முகம் மாறிவிட்டது. அம்மா கூட இருப்பது பிடிக்கவில்லையோ? அம்மாவை ஊருக்கு அனுப்பிவிடலாமா? இல்லை, வருடத்துக்கு இரண்டு தடவை இப்படிப் போய்வந்தால் சரியாகுமா?

பதில்: தம்பி, கடலையும் ஊஞ்சலையும் விடுங்கள். விஷயம் ஒரே வரியில் இருக்கிறது. அதை நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். ஒன்பது மணிவரை தூங்கினாள்.

டிசம்பரில் டல்லாஸுக்கும் மசுன்தேவுக்கும் கடிகாரம் ஒன்றுதான். நேரம் மாறியதால் தூங்கிவிட்டாள் என்று சொல்ல வழியில்லை. சரி, டல்லாஸில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாள்? கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன், அது மட்டும் எங்கும் இல்லை. மறந்து விட்டீர்கள் என்று நான் நினைக்கவில்லை. உங்களுக்குத் தெரியாது. நீங்கள் எழும்போது காபி இருக்கும், அம்மா சாப்பிட்டு முடித்திருப்பார், உங்கள் மதியச் சாப்பாடு டப்பாவில் இருக்கும். அப்புறம் அவளும் குளித்துவிட்டு அலுவலக மீட்டிங்குக்கு உட்கார வேண்டும். ஊகித்து எழுதுகிறேன் என்று கோபப்படாதீர்கள். இதே கடிதம் எனக்கு அடிக்கடி வருகிறது, ஊர் பெயர்தான் மாறும். போன தடவை கொடைக்கானல்.

அந்தச் சூடான சாப்பாட்டுக்கும் வருகிறேன். சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் கழுவி அரைத்தால்தான் அந்த ஊர்ச் சோள ரொட்டியான தோர்த்தியாவுக்கு மாவு. இட்லிக்கு நாம் ஊறப்போடுவது மாதிரி, முந்தின நாளே தொடங்குகிற வேலை. நீங்கள் ஊஞ்சலில் கிடந்தபோது அந்த ஊரில் யாரோ ஒருத்தி விடியுமுன்னே எழுந்திருக்கிறாள். அது ஓய்வெடுக்கிறவர்களின் ஊர் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டீர்கள். 1990இல் மெக்ஸிகோ அரசு தடை போடும்வரை கடலாமையை நம்பிப் பிழைத்த பகுதி அது. பக்கத்துக் கடற்கரையான சான் அகுஸ்தினியோவில் ஆமை வெட்டுகிற கூடமே இருந்தது. அந்தப் பிழைப்பு போனபிறகு, வருகிறவர்களுக்கு அறை கொடுத்துச் சமைத்துப் போட்டுத்தான் பல குடும்பங்கள் காலூன்றின. உங்கள் மனைவி சிரித்ததற்குக் கடல்காற்று காரணமில்லை. பத்து நாள் அவளுடைய வேலையை இன்னொருவர் செய்தார், நீங்கள் காசு கொடுத்தீர்கள். அவ்வளவுதான்.

(ஆமையைப் பற்றி உருகியிருக்கிறீர்கள். அந்தக் கரைக்கு அதிகமாக வருவது, நம் சென்னைக் கடற்கரைக்கும் வருகிற பங்குனி ஆமைதான். நூறு முட்டை போலப் போட்டு, மணலைத் தள்ளி மூடிவிட்டுத் தாய் கடலுக்குப் போய்விடும். காலை டிபனுக்கு அதை யாரும் தேடுவதில்லை.)

இனி அம்மா. அனுப்பிவிடலாமா என்று எழுதும்போது கை கூசவில்லையா? உங்கள் மனைவி அவரைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. நீங்களே சந்தேகப்பட்டு, நீங்களே தீர்ப்பும் எழுதப் பார்க்கிறீர்கள். நாளைக்கு அம்மா ஊரில் தனியாகக் கிடந்தால், சொந்தபந்தம் உங்களைத் திட்டாது, 'மருமகள் விரட்டிவிட்டாள்' என்றுதான் பேசும். பெற்றவளைக் கடைசிவரை கூட வைத்துப் பார்ப்பது பிள்ளையின் கடமை. இதில் நான் பழைய ஆள், மாறுவதாக இல்லை. ஆனால் பிள்ளையின் கடமை என்றுதான் சொன்னேன், கவனியுங்கள். எட்டு வருடமாக உங்கள் கடனை அவள் அடைக்கிறாள், 'அம்மாவை வைத்துப் பார்க்கிற பிள்ளை' என்ற பெயர் உங்களுக்கு. அந்தப் பத்து நாளும் தங்கை வீட்டில் காலையில் எழுந்து கஞ்சி வைத்தது யார் என்றாவது கேட்டீர்களா?

வருடத்துக்கு இரண்டு தடவை போவதா? கையில் காசு இருந்தால் போங்கள். அது வேறு கணக்கு.

இன்று இரவு அலாரத்தை உங்கள் போனில் வையுங்கள், ஐந்தரைக்கு. அவள் போனில் இருப்பதை எடுத்துவிடச் சொல்லுங்கள். முதல் வாரம் கஞ்சி அடிப்பிடிக்கும், பிடிக்கட்டும். பாத்திரத்தை நீங்களே தேயுங்கள். 'நீ ஏண்டா அடுப்படியில நிக்கிற, அவ எங்க?' என்று அம்மா வந்து நிற்பார். அவரிடம் மெக்ஸிகோ கதையெல்லாம் வேண்டாம். மாத்திரையைக் கையில் கொடுத்து, 'அவ தூங்கட்டும்மா' என்று சொன்னால் போதும்.