பழம் தின்கிற கிளிக்குப் பழம் மட்டும் போதுமா?

கேள்வி: பெங்களூரில் இருந்த என் பேரன், வேலைக்காக வெளிநாடு போகும்போது தான் வளர்த்த எக்லெக்டஸ் கிளியை என்னிடம் விட்டுப் போனான். ஆண் பறவை, மூன்று வயது. "இது பழம் தின்கிற சாதி அப்பத்தா, பழம் கொடுத்தாலே போதும்" என்றான். ஆறு மாதமாக வாழைப்பழம், சப்போட்டா, திராட்சை, கூட ஒரு கைப்பிடி சூரியகாந்தி விதை கொடுக்கிறேன். சாயங்காலம் முறுக்குத் துண்டும் வாங்கிக்கொள்ளும். இப்போது பச்சை நிறம் மங்கி, இறகில் கறுப்புக் கோடுகள் தெரிகின்றன. எச்சம் தண்ணீராகப் போகிறது. கடைக்காரர் சொன்னார் என்று வைட்டமின் சொட்டு மருந்தைத் தண்ணீரில் கலந்து வைத்தேன். பத்து நாளாகக் கம்பில் உட்கார்ந்தபடியே கால்விரலைத் தட்டிக்கொண்டிருக்கிறது. என்னதான் கொடுப்பது? அடுத்த மாதம் முன்னோரைக் கும்பிடும் படைப்புக்காக இரண்டு நாள் வெளியூர் போக வேண்டும். அப்போது என்ன செய்ய?
– ஓர் ஆச்சி, காரைக்குடி

பதில்: ஆச்சி, முதல் வேலையாக அந்தச் சொட்டு மருந்தை நிறுத்துங்கள். தண்ணீர்க் கிண்ணத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெறும் குடிதண்ணீர் வையுங்கள். கால்விரலைத் தட்டுவதும் சிறகைத் திடீர் திடீரென உதறுவதும் எக்லெக்டஸ் வளர்ப்பவர்கள் அடிக்கடி பார்க்கிற கோளாறு. வைட்டமின் மருந்தோ, சத்து சேர்த்த குருணைத் தீவனமோ அளவு மீறும்போது இது வருகிறது. உடம்பில் கால்சியம் குறைந்தாலும் இதே தட்டல் வரும். உங்கள் கிளிக்கு இரண்டுமே சேர்ந்திருக்கலாம். வைட்டமின் ஏ, டி இரண்டும் கொழுப்பில் கரைபவை. மிஞ்சினால் வெளியே போகாமல் ஈரலில் தங்கிவிடும். தண்ணீரில் கலந்து வைத்தால் எவ்வளவு உள்ளே போனது என்ற கணக்கும் தெரியாது, தண்ணீரும் சீக்கிரம் கெடும்.

பத்து நாளாகத் தட்டுகிறது என்பதால் ஒரு முறை மருத்துவரிடம் காட்டி, ரத்தத்தில் கால்சியம் அளவைப் பார்த்துவிடுங்கள். பறவை பார்க்கிறவர் பக்கத்தில் கிடைக்கவில்லை என்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். வலிப்பு வந்தாலோ, கம்பிலிருந்து தடுமாறி விழுந்தாலோ அன்றைக்கே கொண்டுபோக வேண்டும்.

எச்சத்தைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். பழம் தின்னும் பறவைக்கு அது நீர்த்துத்தான் போகும். கூண்டின் அடியில் வெள்ளைத் தாள் விரித்து ஒன்றை மட்டும் உற்றுப் பாருங்கள். நடுவில் பச்சையோ பழுப்போ புழுப்போலச் சுருண்டு கிடப்பது மலம், அதன் மேல் வெள்ளைச் சாந்துபோல இருப்பது சிறுநீர் உப்பு, சுற்றிலும் தாளில் பரவுவது தண்ணீர். சுருள் உருவம் கெடாமல் இருந்தால் அது பேதி இல்லை. சுருளே கரைந்து கூழாகிவிட்டால், வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், முழுப் பருப்பு அப்படியே வெளியே வந்தால்தான் நோய். மாதுளையும் பீட்ரூட்டும் தின்ற அன்று ஆத்தங்குடிக் கல் தரையில் சிவப்பாக விழுந்தால் ரத்தம் என்று பதறாதீர்கள்.

பேரன் சொன்னது பாதி சரி. எக்லெக்டஸ் நியூகினி, சாலமன் தீவுகள், ஆஸ்திரேலியாவின் வடமுனைக் காடுகளைச் சேர்ந்தது. அங்கே அத்தி வகைகள், காட்டுப் பழங்கள், அவற்றின் விதைகள், பூ, இலைமொட்டு எல்லாவற்றையும் தின்கிறது. காட்டுப் பழத்தில் இனிப்புக் குறைவு, நாரும் விதையும் அதிகம். நம் சந்தைப் பழமோ மனிதன் நாக்குக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தித்திப்பு ஏற்றி வளர்த்தது. வாழையும் சப்போட்டாவும் திராட்சையும் சேர்ந்தால் பெரும்பாலும் சர்க்கரையும் தண்ணீரும்தான். சூரியகாந்தி விதையில் கொழுப்பும் பாஸ்பரஸும் கூடுதல், கால்சியம் சொற்பம். பாஸ்பரஸ் மிஞ்சினால் இருக்கிற கொஞ்சம் கால்சியமும் உடம்பில் சேராது. வைட்டமின் ஏ இந்த நான்கிலுமே இல்லை என்றே சொல்லலாம். மங்கிய நிறத்துக்கும் கறுப்புக் கோட்டுக்கும் காரணம் பெரும்பாலும் இந்தக் குறைதான்.

வைட்டமின் ஏ குறைவை வாயில் பார்க்கலாம். கிளி கொட்டாவி விடும்போது மேல்வாய் நடுவில் ஒரு பிளவு தெரியும். அதன் ஓரத்தில் சிறு முள் வரிசைபோலக் கூரான நுனிகள் நிற்க வேண்டும். அவை மழுங்கி வழவழப்பாகியிருந்தாலோ, வாய்க்குள் வெள்ளைத் திட்டு இருந்தாலோ குறை முற்றிவிட்டது என்று அர்த்தம். மருத்துவரிடம் போகும்போது இதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி அளவு. சுமார் 400 கிராம் எடையுள்ள கிளிக்கு நாளைக்குப் பத்து மேசைக்கரண்டி உணவு, இரண்டு வேளையாக. அதில் நான்கு கரண்டி காயும் கீரையும், மூன்று கரண்டி பழம், இரண்டு கரண்டி வெந்த தானியமும் பயறும், ஒரு கரண்டி முளைகட்டிய பயறு. கூட உப்பில்லாத பாதாம் இரண்டு. சூரியகாந்தி விதையை நாளைக்கு ஐந்தாறாகக் குறைத்து, கையால் கொடுக்கும் பரிசாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் உயிர்நாடி அந்த நான்கு கரண்டிதான். உள்ளே ஆரஞ்சு நிறமாக இருக்கும் காய் எதுவானாலும் நல்லது: பரங்கிக்காய், கேரட், ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. கிழங்கை ஆவியில் வேகவைத்து, பரங்கியையும் கேரட்டையும் லேசாக வதங்கும் அளவுக்கு ஆவி காட்டினால் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். பரங்கி விதையை வீசாதீர்கள், ஈரத்தோடு அப்படியே கொடுக்கலாம். சிவப்புக் குடைமிளகாய் இருந்தால் இன்னும் சிறப்பு. பழுத்த சிவப்பு மிளகாயையே முழுசாகக் கொடுக்கலாம். மிளகாயின் காரம் பறவைக்கு உறைக்காது, நமக்குக் கண்ணில் நீர் வரவைக்கிற மிளகாயை விதையோடு ரசித்துத் தின்னும். கீரையில் முருங்கைக்கு இணை இல்லை. 100 கிராம் முருங்கைக்கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், வைட்டமின் ஏ-வும் ஏராளம். கொத்தோடு கூண்டுக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், உருவித் தின்பது அதற்கு வேலையும் ஆகும். பாலக், பசளை, தண்டுக்கீரை வகைகளில் ஆக்சலேட் அதிகம், அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு தரம் போதும்.

பழத்தில் பப்பாளி, கொய்யா, மாதுளை மூன்றையும் முன்னால் வையுங்கள். மாதுளையைத் தோலோடு கால்வாசியாக வெட்டிக் கொடுத்தால் அரைமணி நேரம் போவதே தெரியாது, சுவரெல்லாம் கறை ஆகும், அவ்வளவுதான். நாட்டு அத்திப்பழம் கிடைத்தால் விடாதீர்கள், காட்டில் இதன் சாப்பாடே அதுதான், கால்சியமும் உண்டு. பிளந்து உள்ளே புழு இல்லை என்று பார்த்துக் கொடுங்கள். கொடுக்காப்புளிக் காலத்தில் கறுப்பு விதையை எடுத்துவிட்டுச் சதையைத் தரலாம். நாவல், மாம்பழம் அந்தந்தப் பருவத்தில். வாழைப்பழம் நாளைக்கு இரண்டு வில்லை. திராட்சையைப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டுவைத்து, குழாயடியில் தேய்த்துக் கழுவிய பிறகு ஒன்றிரண்டு.

தானியத்துக்குக் கவுனி அரிசியே நல்லது, உங்கள் வீட்டில் எப்படியும் இருக்கும். முதல் நாள் இரவு ஊறவைத்து வெறும் தண்ணீரில் வேகவையுங்கள். சர்க்கரை, தேங்காய், நெய் சேர்த்த கவுனி அரிசி நமக்கு, அதற்கு இல்லை. மாற்றிமாற்றித் தினை, கேழ்வரகு. பயறில் பச்சைப்பயறு, தட்டைப்பயறு. மொச்சையும் ராஜ்மாவும் பச்சையாக நஞ்சு, நன்றாக வெந்தால் மட்டும். முளைகட்டுவதில்தான் கோடையில் தவறு நடக்கிறது. எட்டு மணி நேரம் ஊறியதும் வடித்து, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் அலசி, வெள்ளை முனை எட்டிப் பார்த்த உடனே குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். புளித்த வாடையோ பிசுபிசுப்போ இருந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

கால்சியத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை (கணவாய் மீனின் ஓடு) என்று கேளுங்கள். ஒரு துண்டைக் கம்பியில் கட்டிவைத்தால் தேவைப்படும்போது கொறித்துக்கொள்ளும். ஆனால் அது உடம்பில் சேர வெயில் வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் உதவாது, வைட்டமின் டி உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். உங்கள் வீட்டு வளவில் வானம் பார்த்த முற்றம் இருக்குமே, காலை வெயிலில் கூண்டின் பாதிக்கு நிழல் விழும்படி அரைமணி நேரம் வையுங்கள். பூனை, பருந்து வராமல் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் நாளைக் காலையிலேயே கிண்ணத்தில் போட்டால் தொடாது. வாழைப்பழத்தைத் தேடித் தின்றுவிட்டு மற்றதை வீசியெறியும். பசித்தால் தானே தின்னும் என்று விடுவது ஆபத்து. பழகாத உணவைத் தொடாமல் பட்டினி கிடந்தே நலிந்துபோகும். காயைப் பயறு அளவுக்கு நறுக்கி, மசித்த வாழைப்பழத்தில் புரட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் இனிப்பு ஒட்டியிருப்பதால் பொறுக்கி ஒதுக்க முடியாது. முதல் வாரம் பாதி வாழைப்பழம், அடுத்த வாரம் கால், மூன்றாம் வாரம் ஒரு கரண்டி. காலை ஆறரைக்கு, பசி இருக்கும் வேளையில், காய்க்கலவை. பழம் மாலை ஐந்துக்கு. அதற்கு எதிரே உட்கார்ந்து நீங்களும் ஒரு கேரட்டைக் கடித்தால் இன்னும் சீக்கிரம் பழகும். வாரம் இரு முறை, காலையில் எச்சம் போட்டபின், சமையல் தராசில் எடை பாருங்கள். 20 கிராம் குறைந்தால் பழைய உணவைக் கூட்டுங்கள், 40 கிராம் குறைந்தால் மருத்துவர். இறகுக் கோடு உடனே மறையாது. முளைத்து முடிந்த இறகு இனி மாறாது, அடுத்த முறை உதிர்ந்து புதிதாக வரும் இறகில்தான் பலன் தெரியும்.

முறுக்கு, சீடை, தேன்குழல், அதிரசம் எதுவும் வேண்டாம். உப்பும் எண்ணெயும் அந்தச் சின்ன உடம்புக்குத் தாங்காது. பட்டர் ஃப்ரூட் எனும் வெண்ணெய்ப்பழம் பறவையின் இதயத்தைத் தாக்கி ஓரிரு நாளிலேயே கொன்றுவிடக்கூடும், அதை வீட்டுக்குள்ளேயே பறவை இருக்கும் இடத்தில் வெட்டாதீர்கள். சாக்லேட், காபி, டீ, வெங்காயம், பூண்டு, சீதாப்பழ விதை, ஆப்பிள் விதை இவையும் ஆகாது.

ஒரு சட்ட விஷயம். இது நம் நாட்டுப் பச்சைக்கிளி இல்லை என்பதால் வீட்டில் வளர்க்கத் தடை இல்லை. ஆனால் 2022-ல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படியும் 2024-ல் வந்த விதிகள்படியும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்திருக்க வேண்டும். பேரன் பதிந்தானா என்று கேட்டு, பறவை இப்போது உங்களிடம் இருப்பதையும் தெரிவிக்கச் சொல்லுங்கள்.

படைப்புக்குப் போகும்போது: வெந்த கவுனி, பயறு, ஆவி காட்டிய பரங்கி, கேரட் எல்லாம் கலந்து ஐஸ் தட்டில் அழுத்தி உறையவையுங்கள், ஒரு வாரம் தாங்கும். பார்த்துக்கொள்பவர் முதல் நாள் இரவே மறுநாளைக்கான கட்டிகளைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, காலையில் குளிர் விட்டதும் முருங்கை உருவிப் போட்டால் போதும். பழத்தை அன்றன்று நறுக்கட்டும். கிண்ணம் கூண்டில் இருக்க வேண்டியது இரண்டு மணி நேரம்தான், காரைக்குடி வெயிலில் அதற்கு மேல் போனால் புளித்துவிடும். காலை எட்டரை, மாலை ஏழு என்று கிண்ணத்தை எடுக்கும் நேரத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கூண்டிலேயே கட்டிவிட்டுப் போங்கள்.