ஃபோர்க்கை மாற்றுவதற்கு முன் ஸ்பிரிங்கை அளந்து பாருங்கள்

கேள்வி: ஐந்து ஆண்டுகளாக 150 சிசி ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டுகிறேன். என் எடை 85 கிலோ. பிரேக் பிடித்தால் முன்பக்கம் வெகுவாக அமுங்குகிறது. மனைவியை ஏற்றிக்கொண்டு வேகத்தடையில் இறங்கினால் பின்பக்கம் 'டக்'கென்று இடிக்கிறது. பெரிய பைக்கின் தலைகீழ் ஃபோர்க்கும் (முன்சக்கரத்தைத் தாங்கும் அதிர்வுதாங்கி; தடித்த குழாய் மேலே இருக்கும் வகை), பின்னால் சற்று நீளமான மோனோஷாக்கும் (ஒற்றை ஷாக் அப்சார்பர்) போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: பெரிய பைக்கின் ஃபோர்க் வேண்டாம். அதைப் பொருத்த அச்சு, டிஸ்க், காலிப்பர், ஏபிஎஸ் சென்சார் என ஒன்றன்பின் ஒன்றாக மாற்ற நேரிடும். அத்துடன், தயாரிப்பாளர் குறித்துள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துவதால், விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் வில்லங்கம் வரலாம்.

உங்கள் எடைக்கு ஸ்பிரிங் இளக்கமாக இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இதற்குக் காசு செலவில்லை. முன்சக்கரம் தரையில் படாதவாறு வண்டியைத் தூக்கி, ஃபோர்க் முழுதாக நீண்ட நிலையில் உள்குழாயில் ஒரு கேபிள் டையை (பிளாஸ்டிக் கட்டுப்பட்டை) ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலோடு ஒட்டிக் கட்டுங்கள். பிறகு வண்டியை இறக்கி, இருவர் பிடித்துக்கொள்ள, ஹெல்மெட்டோடு வழக்கம்போல் உட்கார்ந்து எழுந்து, முன்சக்கரத்தை மறுபடி தூக்கினால், சீலுக்கும் டைக்கும் இடையே உள்ள தூரமே வண்டியும் நீங்களும் சேர்ந்த எடைக்கு ஃபோர்க் அமுங்கும் அளவு. ஃபோர்க்கின் மொத்த ஓட்டம் (முழுதாக அமுங்கக்கூடிய தூரம்) 130 மி.மீ. என்றால் இது 35 முதல் 40 மி.மீ. வரை இருக்கலாம். பலரும் தடுமாறுவது இதற்கு அடுத்த இடத்தில்தான்: பிரீலோடைக் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை) கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகிவிடாது, வண்டி நிற்கும் உயரம் மட்டுமே மாறும். பிரீலோடை ஏற்றி இந்த அளவைக் கொண்டுவந்த பின், ஆள் ஏறாத வண்டி தன் எடைக்குச் சிறிதும் அமுங்கவில்லை என்றால், அந்த ஸ்பிரிங் உங்களுக்குப் போதாது. கடினமான ஸ்பிரிங்கே வாங்க வேண்டும்.

ஐந்து ஆண்டுகளில் ஃபோர்க் ஆயிலை ஒருமுறையும் மாற்றவில்லை என்றால், அதை மாற்றுவதிலேயே பாதிக் குறை தீரக்கூடும். கெட்டியான ஆயில் அமுங்குவதையும் திரும்பி எழுவதையும் சேர்த்தே தாமதப்படுத்துவதால், சிறு மேடுபள்ளங்களில் கை அதிரும். ஆகவே கம்பெனி சொன்ன தரத்திலேயே ஊற்றி, குழாய்க்குள் ஆயில் மட்டத்தை மட்டும் 5 மி.மீ. உயர்த்திப் பார்க்கலாம், மேலே அடைபட்ட காற்று கடைசி ஓட்டத்தில் கூடுதல் ஸ்பிரிங்காக வேலை செய்யும். அதற்கு மேல் உயர்த்தினால் ஆயில் சீல் கசியத் தொடங்கலாம்.

பின்னால் உங்கள் இருவரின் எடைக்கேற்ற ஸ்பிரிங் உள்ள மோனோஷாக் வாங்குவது நியாயமான செலவுதான். ஆனால் நீளம் பழையதற்குச் சமமாக இருக்கட்டும். பின்பக்கம் உயர்ந்தால் முன் ஃபோர்க் நிமிர்ந்து, வண்டி சட்டெனத் திரும்பும். பாபநாசம் மலைச்சாலை வளைவுகளில் இது சுகமாகத் தோன்றலாம். அதே வண்டியில் ஆடி மாதம் வள்ளியூர் தாண்டிக் காவல்கிணறு பக்கம் போய்ப் பாருங்கள், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் தள்ளும்போது ஹேண்டில்பார் கையில் நிற்காது. மாற்றிய பின் இருவரும் உட்கார்ந்த நிலையில் செயின் தளர்வையும் ஹெட்லைட் உயரத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.