ஆவணப் புகைப்படக்காரர்கள் ஒரே ஊரில் மாதக்கணக்கில் தங்குவது எதற்கு? ஒரு நாளில் எடுக்க முடியாதா?

எடுக்கலாம், ஆனால் கேமராவுக்காகக் கொடுக்கும் போஸ் மட்டும்தான் கிடைக்கும். நெல்லை மாவட்டத்து முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் வீட்டுக்குக் கேமராவோடு போனால், அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு சிரிப்பார். பத்து நாள் திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடித்தால்தான் கேமரா மறந்துபோகும். அப்புறம் கண்ணில் படும்: மடியில் தட்டு, இலை வெட்டும் கத்தரி, புகையிலைத் தூளில் வரும் இருமல், கடையில் 'சரியில்லை' என்று கழிக்கப்படும் பீடிகள். பீடித் தொழிலாளர் சட்டம் வந்தது 1966-ல். அது திண்ணைவரை வந்ததா என்பதை இந்தப் படங்கள்தான் சொல்லும்.

1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலை மலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் நடந்த ஊர்வலத்தில் தடியடி; தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்கள். செய்திப் படம் அந்த ஒரு நாளைக் காட்டும். கூலிக்காக ஏன் மலையிறங்கினார்கள் என்பது தோட்டத்து லயன் வீடுகளில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அன்று தங்கியிருந்தால்தான் புரிந்திருக்கும்.

நீங்களும் இந்த வேலையில் இறங்குவதாக இருந்தால், படத்தை முதலில் அவர்களிடமே காட்டுங்கள். முகம் வேண்டாம் என்றால் சரி, கைகளை எடுங்கள்.