ராஜினாமா கடிதம் வேண்டாம்

அன்புள்ள ஐயா,

என் மனைவிக்கு இது ஏழாம் மாதம், முதல் குழந்தை. ஐப்பசியில் நாள் கொடுத்திருக்கிறார்கள். நான் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி, சம்பளம் 19,000. அவள் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் மூன்று வருடமாக இருக்கிறாள், 10,000. அடுத்த மாதம் நின்றுவிடுவாள். தொட்டில், தள்ளுவண்டி, பால்புட்டி சுத்தம் செய்யும் மெஷின் என்று நண்பர்கள் சொன்னதைக் கூட்டினால் 40,000 தாண்டுகிறது. மொட்டை, காதுகுத்தை மண்டபம் பிடித்துச் செய்ய வேண்டும் என்கிறார் அம்மா. முதல் வருடத்துக்கு எவ்வளவு எடுத்து வைப்பது?

வே., கடலூர் முதுநகர்

அன்புள்ள வே.,

உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அந்த 40,000 இல்லை, 'அடுத்த மாதம் நின்றுவிடுவாள்' என்ற வரிதான். தயவுசெய்து ராஜினாமா எழுதிக் கொடுக்க விடாதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை என்றால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு சட்டப்படி உண்டு. முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்திருந்தால் அந்தப் பணத்தை முதலாளி தர வேண்டியதில்லை, இ.எஸ்.ஐ.யே தந்துவிடும். 10,000 சம்பளத்துக்கு அது கிட்டத்தட்ட 60,000 ரூபாய். "போய்ட்டு அப்புறம் வாம்மா" என்று கடையில் அன்பாகத்தான் சொல்வார்கள். அதை நம்பி எழுதிக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் நிறையப் பேர். விடுப்பு விண்ணப்பமாகக் கொடுங்கள், ஒரு நகலில் வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

சுகாதார செவிலியரிடம் பதிந்து ஆர்.சி.ஹெச். எண் (கர்ப்பப் பதிவு எண்) வாங்கியாயிற்றா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு 18,000 ரூபாய்: 14,000 வங்கிக் கணக்கில் தவணையாக, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. உங்களுக்குப் பொருந்துமா என்று அந்த செவிலியரிடமே கேளுங்கள்.

தடுப்பூசிக்குத் தனியாரிடம் ஆயிரக்கணக்கில் ஆகும். பி.சி.ஜி., போலியோ, பென்டாவேலன்ட், ரோட்டா, நிமோகாக்கல், ஒன்பதாம் மாதம் தட்டம்மை-ரூபெல்லா எல்லாமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். புதன்கிழமை போங்கள்.

சரி, கடைச் செலவுக்கு வருவோம். ஐப்பசிப் பிள்ளை என்பதால் டயப்பர் கணக்கு கொஞ்சம் ஏறும். நம் ஊர் மழை தெரியுமே. வேட்டித் துணியைக் கிழித்து எத்தனை வைத்திருந்தாலும் கொடியில் மூன்று நாள் தொங்கியும் ஓரத்தில் ஈரம் நிற்கும், மக்கின வாடை வரும், ஃபேனுக்கடியில் போட்டால் கரண்ட் போய்விடும். ஈரத்துணி கட்டினால் பிள்ளைக்குப் புண் வரும். அதனால் மார்கழி வரை பகலிலும் டயப்பர் வாங்க யோசிக்காதீர்கள். ஒன்று பத்து ரூபாய், நாளுக்கு ஐந்து என்று வைத்தால் மாதம் 1,500. தை வெயில் வந்ததும் பகலுக்குத் துணி, ராத்திரிக்கு ஒன்றிரண்டு டயப்பர். 600க்குள் முடியும்.

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம். டாக்டர் சொன்னாலொழிய பால் டின் வாங்காதீர்கள். புட்டி இல்லை என்றால் அந்த மெஷினும் தேவையில்லை. பால் பற்றவில்லை என்று பக்கத்து வீட்டில் யாராவது சொன்னால் செவிலியரைப் பாருங்கள், மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள். அந்தக் காசை உங்கள் வீட்டுக்காரம்மா சாப்பாட்டுக்குப் போடுங்கள்: முட்டை, மீன், கீரை, பருப்பு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மீனில் மிச்சம் பிடிக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு அப்புறம் பிள்ளைக்கு நம் அடுப்பில் வேகும் இட்லியும் பருப்புச் சாதமும் கேழ்வரகுக் கூழும் போதும். அங்கன்வாடியில் சத்துமாவும் தருவார்கள்.

தள்ளுவண்டி வேண்டாம், முதுநகர் சந்துகளில் உருளாது. தொட்டிலுக்குப் பதில் சேலையில் தூளி.

நீங்கள் கேட்ட தொகை: மாதம் 3,000 பிள்ளைக்கும் தாய்க்கும். அது தவிர 25,000 தனிக் கணக்கில், முதல் பிறந்தநாள் வரை தொடாமல். பாதி ராத்திரியில் காய்ச்சல் கண்டு மஞ்சக்குப்பம் பெரிய ஆஸ்பத்திரிக்கோ புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கோ ஓடும்போது கைமாற்று கேட்டு நிற்கக் கூடாது. இந்த 25,000 மண்டபத்துக்கு நினைத்த பணத்திலிருந்து வரட்டும். திருவந்திபுரம் பெருமாள் கோயிலில் மொட்டை போட்டு, அன்றைக்கே தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தி, வீட்டு மனிதர்களுக்குச் சாப்பாடு போட்டால் ஒரு குறையும் இல்லை. கடன் வாங்கி ஊரைக் கூட்ட வேண்டாம். இதை அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள், மனைவியைச் சொல்ல வைக்காதீர்கள்.